அபரஞ்சியின் வலது கை

எங்கம்மா அபரஞ்சியை எரிச்ச மறுநாள் காலையில, சுடுகாட்டு இருளப்பன் வாசல்ல வந்து நின்னு, வாழையிலையில சுத்தின எதையோ ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு, "குஞ்சிதக்கா, எல்லாம் வெந்துடுச்சு, வலது கை மட்டும் ஒத்துக்கலை"ன்னு சொன்னப்ப, நான் ஆச்சரியப்படவும் இல்லை, அழவும் இல்லை, எனக்குக் கோபம்தான் வந்துச்சு. எண்பத்து மூணு வருஷம் உசுரோட இருந்து ஒருத்தர்கிட்டயும் ஒரு தடவைகூட மாட்டேன்னு சொல்லாத பொம்பளை, சாம்பலாகப் போற நேரத்துலதானா மாட்டேன்னு சொல்லணும்?

"நானும் விறகைக் கூட்டி வச்சேன், எருவாட்டி அடுக்கினேன், மண்ணெண்ணெய் ஊத்தினேன்"னு இருளப்பன் சொன்னான். "அது பாட்டுக்கு நெருப்புக்குள்ள உக்காந்து சுள்ளியைச் சுண்டிக்கிட்டு இருக்குக்கா. நானும் முப்பது வருஷமா எரிக்கிறேன், எத்தனையோ பாத்திருக்கேன், தாளம் தப்பாம சுண்டுற கையை இப்பத்தான் பாக்குறேன்."

இலையைப் பிரிச்சேன். மணிக்கட்டோட நின்ன கை, இட்லிப் பானையிலேர்ந்து இப்பத்தான் எடுத்த மாதிரி சூடா இருந்துச்சு, சத்துணவுக்கூடத்துல இருபத்தெட்டு வருஷம் சாம்பார் கிண்டின தழும்பு அப்படியே இருந்துச்சு, கட்டைவிரல் மட்டும் மத்த விரலுக்கு அடியில மடங்கி உள்ளங்கைக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு. முறத்துல வச்சேன். வச்ச உடனே முறத்து விளிம்பைச் சுண்ட ஆரம்பிச்சுது. இருளப்பனுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

பெருங்கொன்றை ஊர் எதையும் மூணு நாளைக்கு மேல அதிசயம்னு வச்சுக்காது, நாலாவது நாள் அதை வேலைக்கு அனுப்பிடும். கருமாதிக்கு வர வேண்டிய ஐயர், மிச்சம் இருக்கிற வரைக்கும் தீட்டு கழியாது, காரியமும் செய்ய முடியாதுன்னுட்டுப் போனார், போனவர் மறுவாரம் பொண்ணு கல்யாணத்துக்கு எட்டு ரவிக்கை தைக்கணும்னு வந்து நின்னு, தீட்டு வீட்டுக்குத்தானே, தையல் மெஷினுக்கு இல்லையேன்னார். ரேஷன் கடையில அம்மா பேரை நீக்கப் போனேன், நீக்கணும்னா சம்பந்தப்பட்டவங்க கைரேகை வேணும்னாங்க, எடுத்துட்டுப் போய் மெஷின்ல வச்சேன், பச்சை விளக்கு எரிஞ்சுது, பேரை நீக்குறதுக்குப் பதிலா அஞ்சு கிலோ அரிசியை அளந்து கையில, அதாவது என் கையில, கொடுத்துட்டாங்க. தெருவுல தூங்காத பிள்ளை இருந்தா தூளிக்கயித்துல கொண்டு போய்க் கையை வச்சாங்க, கை கயித்தைச் சுண்டும், பிள்ளை தூங்கிடும், பிறகு பெத்தவளும் தூங்கிடுவா, சாயங்காலம் நான்தான் வீடு வீடாப் போய்க் கையைத் தேடி எடுத்துட்டு வரணும். முருங்கைக்கீரை ஆய விட்டாங்க, நிலக்கடலை உரிக்க விட்டாங்க, புளிக்குக் கொட்டை எடுக்க விட்டாங்க. செத்த பொம்பளை கையையும் சும்மா இருக்க விடலை பாருங்க இந்த ஊரு! கவுன்சிலர் வந்து, வலக்கை அம்மன்னு சின்னதா ஒரு கோயில் எழுப்பிடலாம்னு குனிஞ்சு கும்பிட்டப்ப, கை அவர் கன்னத்தைப் பிடிச்சுத் திருகின திருகுல ரத்தம் கட்டிப்போச்சு. அதுக்கப்புறம் கோயில் பேச்சு அடங்கிடுச்சு.

வேலையில்லாத நேரம் என் தையல் மெஷின் மேல உக்காந்துக்கும். நூல்கண்டுலேர்ந்து ஊசிக்குப் போற நூல் இருக்கே, அதைச் சுண்டும். ஆள்காட்டியும் நடுவிரலும் மேலேர்ந்து கீழ தட்டும், தட்டின அந்தக் கணத்துலயே உள்ள மடங்கி இருக்கிற கட்டைவிரல் கீழேர்ந்து மேல சுண்டும், ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் நடுவுல ஒரு ஓட்டை இருக்காது, ஒரு மூச்சு விடுற இடைவெளி இருக்காது. எனக்குச் சங்கீதம் தெரியாது. எங்கம்மா எனக்கு ஒரு சரளி வரிசைகூடச் சொல்லித்தரலை, இந்தக் கையோட இது போகட்டும்டின்னு சொல்லிட்டா. ஆனா அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பெருங்கொன்றையில பொறந்த நாய்க்கும் பூனைக்கும் தெரியும். வருஷா வருஷம் மார்கழி மாசம் முப்பது நாளும் காலையில ஊர்ச் சங்கீத சபை ஒலிபெருக்கியில போடுற பிரணதார்த்தி பாகவதர் வீணை இசைத்தட்டுச் சத்தம் அது.

அந்தக் கதையைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரியுது, இருந்தாலும் சொல்றேன்.

அறுபத்திரண்டாம் வருஷம் பாகவதருக்கு ஊரெல்லாம் பேரு, வலது கையில மட்டும் நடுக்கம். டம்ளர் பிடிச்சா காபி வேட்டியில சிந்தும், தந்தியைத் தொட்டா கிறீச்சுன்னு ஒரு சத்தம். அந்த நேரம் பார்த்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரங்க பட்டணத்துலேர்ந்து பெட்டி படுக்கையோட வந்துட்டாங்க. பாகவதர் வீட்டுக் கொல்லைக்கு அந்தப்பக்கம் எங்க வீடு. கோயில்ல சதிர் ஆடின குடும்பம், சட்டம் போட்டு நிறுத்தினதுக்கப்புறம் கஞ்சிக்கு ஆடின குடும்பம். அம்மாவுக்கு இருபது வயசு, வீட்டுப் பொம்பளைங்க வழிவழியா வாசிச்சது போலக் கட்டைவிரலை உள்ள மடக்கி வாசிப்பா, பாகவதர் கொல்லையில பல் விளக்கும்போதெல்லாம் பத்து வருஷமா அதைக் கேட்டுக்கிட்டே பல் விளக்கியிருக்காரு. ஆள் விட்டுக் கூப்பிட்டாரு. நீ வாசி அபரஞ்சி, சபைக்குப் பள்ளிக்கூடம் வரப்போகுது, உன்னையே டீச்சரா போடறேன்னாரு. வாசிக்க எங்க உக்கார வச்சாரு தெரியுமா? கூடத்துல இல்லை, கூடத்துக்குள்ள எங்க ஆளுங்க வரக்கூடாது, மாட்டுக்கொட்டாய்ல. மைக் ஒயரை ஜன்னல் வழியா இழுத்து, சாணத்தைத் தள்ளிட்டு ஒரு பாயைப் போட்டு, அம்மா வாசிக்க, கூடத்துல பாகவதர் வீணையை மடியில சாத்திக்கிட்டுப் போட்டோவுக்குக் கண்ணை மூடிக்கிட்டு இருந்தாரு. அந்தப் போட்டோதான் இன்னிக்கும் சபையில மாலை போட்டுத் தொங்குது.

இசைத்தட்டு வந்துச்சு, பேரு வந்துச்சு, பெருங்கொன்றை பாணின்னு உலகமே சொல்லுச்சு, உடனே அந்த மனுஷன் என்ன பண்ணாரு, வலக்கை விளக்கம்னு ஒரு புஸ்தகம் போட்டாரு. அதுல நாலாவது விதி: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டுமே மீட்ட வேண்டும், கட்டைவிரல் ஒதுங்கி வெளியே நிற்க வேண்டும், கட்டைவிரலால் தந்தியைத் தொடுவது சதிர்க்காரிகளின் கொச்சை. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க! தன் பேர்ல சுத்துற தட்டுல கேக்கறதே கட்டைவிரல்தான், அதை வாசிச்சவ எந்தக் காலத்துலயும் வாயைத் திறந்துடக் கூடாதுன்னு, அந்த விரலையே ஊரை விட்டுத் தள்ளி வச்சாரு.

பாவம், பிள்ளைங்க. அந்தச் சத்தத்தை ரெண்டு விரல்ல கொண்டு வரணும்னு நாலு தலைமுறை மாணவர்கள் ராப்பகலா அடிச்சாங்க, நகம் பிஞ்சுது, சதை கிழிஞ்சுது, சபையில சேர்ந்தா முதல்ல வாங்க வேண்டியது வீணை இல்லை, பிளாஸ்திரி. வரலைன்னா உனக்கு அப்பியாசம் போதாதுன்னுடுவாங்க. இன்னொண்ணும் உண்டு. ரெண்டாவது தட்டுல, பைரவி தானத்துக்கு நடுவுல, அடித்தொண்டையில முக்குற மாதிரி ஒரு சத்தம் வரும். சபைக்காரங்க அதுக்கு ரிஷப நாதம்னு பேர் வச்சு, மூணு பக்கம் விளக்கம் எழுதி, தடிச்ச தந்தியை உள்ளங்கையால தேய்ச்சு அந்தச் சத்தத்தைக் கொண்டு வர்றதுக்குத் தனியா ஒரு வருஷப் பாடம் வச்சிருந்தாங்க. அம்மா தன் வாழ்க்கையில இந்த விஷயத்துக்காகச் சிரிச்சது ஒரே ஒரு தடவை, அதைச் சொல்லும்போதுதான். "அது கன்னுக்குட்டிடி குஞ்சிதம், பசியில கத்துச்சு, கத்தி முடிக்கட்டும்னு கையைத் தூக்கிட்டுக் கொஞ்சம் நிறுத்தினேன், அப்புறம் வாசிச்சேன்."

எழுபத்து மூணுல சபைப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் தேர்வு வச்சாங்க. பாகவதர் செத்துப்போய் ரெண்டு வருஷம், வாக்கும் அவரோட செத்துப்போச்சு, இருந்தாலும் அம்மா என்னை இடுப்புல தூக்கிக்கிட்டுப் போனா. ரெண்டு நிமிஷம் வாசிச்சா. தேர்வுப் பேரேட்டுல சிவப்பு மசியில எழுதினாங்க: அபரஞ்சி, தேர்ச்சி இல்லை, கட்டைவிரல், பாகவதர் பாணி அல்ல. அவ பாணியிலயே அவளைத் தோக்கடிச்சாங்க! வீட்டுக்கு வந்து வீணையைத் துணி போட்டு மூடினா, சத்துணவுக்கூடத்துல கரண்டி பிடிச்சா, மார்கழியில ஒலிபெருக்கி போட்டா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினா. எனக்கு நாப்பது வயசுல ஒரு நாள், அது நான்தான்டின்னா. ஏன் சொல்லலைன்னு கத்தினேன். "சொன்னா யாரு நம்புவா, சொல்லு"ன்னா. 

இப்ப கைக்கு வர்றேன். சபைக்கு வைர விழா. செயலாளர் ஸ்ரீவத்ஸன், பாகவதரோட பேரன், நாலு பேரோட எங்க வீட்டுக்கு வந்தாரு. மெஷின் மேல நூலைச் சுண்டிக்கிட்டு இருந்த கையைப் பாத்தாரு, கண்ணை மூடிக் கேட்டாரு, உருகிப்போய்ட்டாரு.

"தாத்தாவோட நாதம்! சாட்சாத் அவரேதான். அவரோட அனுக்கிரகம் உங்கம்மா கையில வந்து இறங்கியிருக்கும்மா. இது உங்காத்துல இப்படி நூலுக்கு நடுவுல இருக்கலாமா? சபையில கண்ணாடிப் பெட்டி பண்ணியிருக்கோம், பாகவதர் பாணித் திருக்கரம்னு பேர் போட்டு வச்சுடறோம்."

"எங்கம்மா கையில எதுக்கு சார் உங்க தாத்தா வந்து இறங்கணும்?"னேன். "அவரு கையிலதான் எங்கம்மா இறங்கினா. அந்தத் தட்டுல வாசிச்சது அவ."

அவர் கோபப்படலை, சிரிச்சாரு, அதுதான் என்னை இன்னும் எரிச்சுது. "துக்கத்துல பேசறேள்"னாரு. வெந்து போகாத கை நூல்ல பைரவி வாசிக்கறதை அந்த மனுஷன் நம்பிட்டாரு, அரை நிமிஷம்கூட யோசிக்கலை. ஒரு பொம்பளை மாட்டுக்கொட்டாய்ல உக்காந்து வாசிச்சான்னா அதைத்தான் நம்ப முடியலையாம்!

கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் ஓடினவரை நானே கூப்பிட்டேன். "கையைக் கொண்டு வர்றேன். கண்ணாடிப் பெட்டிக்கு இல்லை. உங்க மேடையில, உங்க தாத்தா வீணையில, ஊர் முன்னால வாசிக்கும். அதுக்கப்புறம் இது யார் கைன்னு உங்க வாயால மைக்குல சொல்லணும். அபரஞ்சின்னு பேரைச் சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." அவர் சரின்னுட்டாரு. கேக்கறவங்க காதுல பாகவதர்தான் விழுவாருன்னு அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி. மண்டபம் கொள்ளாத கூட்டம், இருளப்பனை முன்வரிசையில உக்கார வச்சுட்டுத்தான் நான் மேடை ஏறினேன், முணுமுணுத்தவங்களை ஒரு பார்வை பாத்தேன். வலது கை வந்தாச்சு, மெட்டுல வச்சு அழுத்த இடது கை யாரோடது? சபையில மூத்தவங்க லோசனா மாமி, எழுபத்து நாலு வயசு, பாகவதரோட கடைசி மாணவி, எங்கம்மா தோத்த தேர்வுல ஜெயிச்சு டீச்சரானவங்க. மாமியோட வலது கை விரல் ரெண்டுலயும் பிளாஸ்திரி. மாட்டவே மாட்டேன்னாங்களாம், கடைசியில வந்து உக்காந்தாங்க. கையை நான் வீணைக் குடத்து மேல வச்சப்ப, அந்தப் பக்கமே திரும்பலை.

முதல்ல தட்டைப் போட்டாங்க, கூட்டம் தலையாட்டுச்சு. அப்புறம் கை வாசிச்சுது. மாமியோட இடது கை மெட்டு மேல ஓட, அம்மாவோட வலது கை கட்டைவிரலை உள்ள வச்சுக்கிட்டு மீட்ட, பைரவி தானம் மண்டபத்துல நிரம்புச்சு, தட்டுக்கும் இதுக்கும் தலைமுடி அளவு வித்தியாசம் இல்லை, பிளாஸ்திரி போட்ட விரலோட உக்காந்திருந்த அத்தனை மாணவர்களும் கழுத்தை நீட்டிக் கட்டைவிரலைப் பாத்தாங்க, பாத்துட்டுத் தன் கையைப் பாத்துக்கிட்டாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு, சந்தோஷத்துல இல்லை, ஆத்திரத்துல.

ரிஷப நாதம் வர்ற இடம் வந்துச்சு. உள்ளங்கை தந்தியைத் தேய்க்கும்னு ஊரே காத்திருந்துச்சு. கை தேய்க்கலை. தந்தியை விட்டு மேல எழும்பி, அந்தரத்துல அப்படியே நின்னுச்சு. ஒரு கன்னுக்குட்டி கத்தி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்னுச்சு. அப்புறம் இறங்கி, மிச்சத்தை வாசிக்கப் போச்சு, ஆனா இடது கை நின்னுபோச்சு. லோசனா மாமி மெட்டை விட்டுட்டு முகத்தைப் பொத்திக்கிட்டாங்க.

"அந்தக் கன்னுக்குட்டி வாயை நான்தான் பிடிச்சுண்டிருந்தேன்"னாங்க மைக்குல. "பதினோரு வயசு நேக்கு. பாகவதர் மாமா என்னைக் கொட்டாயில உக்காத்தி வச்சு, சத்தம் வராம பிடிச்சுக்கோடின்னார். நாலு நாழி பிடிச்சுண்டேன். கை வழுக்கிடுத்து, ஒரே ஒரு தடவை கத்திடுத்து. அபரஞ்சி என்னைத் திட்டலை. கையைத் தூக்கிண்டு, அது கத்தி முடிக்கற வரைக்கும் என்னைப் பாத்துச் சிரிச்சா. அவதான் வாசிச்சா. எல்லாத் தட்டும் அபரஞ்சிதான்."

 ஸ்ரீவத்ஸன் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கி, "மாமி ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டா"ன்னு ஆரம்பிச்சாரு. நான் அவர்கிட்டேர்ந்து பிடுங்கினேன். மாமி என்னைப் பாத்துக் கையைக் கூப்பிக்கிட்டு இருந்தாங்க, நான் மன்னிச்சுட்டேன்னு சொல்வேன்னு எல்லாரும் எதிர்பாத்தாங்கபோல.

"கன்னுக்குட்டி வாயைக்கூட நாலு நாழியில விட்டுட்டீங்க மாமி"ன்னேன். "உங்க வாயை அறுபத்து மூணு வருஷம் விடலையே! அந்தத் தேர்வுல எங்கம்மாவுக்கு அடுத்ததா வாசிச்சது நீங்கதானே? அவளுக்குச் சிவப்பு மசியில எழுதினப்ப அந்த ரூம்லதானே நின்னீங்க?"

மாமி ஆமான்னு தலையாட்டினாங்க. அலமாரியிலேர்ந்து பேரேட்டை எடுத்துட்டு வரச் சொல்லி, அம்மா பேருக்கு நேர தேர்ச்சின்னு எழுதக் குனிஞ்சாங்க. பேனாவை நான் தட்டி விட்டேன். "எங்கம்மாவுக்குத் தேர்ச்சி கொடுக்க நீங்க யாரு? எழுதறதுன்னா அவளுக்கு அடுத்த வரியிலேர்ந்து எழுதுங்க. பெருங்கொன்றை பாணின்னா கட்டைவிரல். கட்டைவிரல் இல்லாம வாசிச்ச எல்லாரும், உங்க பேர்லேர்ந்து ஆரம்பிச்சு, தேர்ச்சி இல்லை." மாமி அழுதுக்கிட்டே பேனாவைப் பொறுக்கி எடுத்து, தன் பேருக்கு நேர சிவப்புல எழுதினாங்க. எழுதி முடிச்சதும் அபரஞ்சி, அபரஞ்சின்னு ரெண்டு தடவை சத்தமாச் சொன்னாங்க.

ரெண்டாவது தடவை சொன்னப்ப, குடத்து மேல இருந்த கை கட்டைவிரலை வெளியே எடுத்து, விரிஞ்சு, மல்லாந்து படுத்துக்கிச்சு. தொட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு.

இருளப்பன் அன்னிக்கு மத்தியானமே எரிச்சான். சூடம் மாதிரி நிமிஷத்துல எரிஞ்சுபோச்சு, ஒரு சம்புடம் சாம்பல் மிஞ்சுச்சு. "அம்மா ஆறிட்டாங்கக்கா, நீங்களும் ஆறுங்க, கொள்ளிடத்துல கரைச்சுடுங்க"ன்னான். அம்மா ஆறலாம், ஒரு பேரைச் சொன்னதும் ஆறிப்போற மனசு அவளுக்கு. எனக்கு அந்த மனசு இல்லை, நான் கரைக்கலை.

கரைக்காததும் நல்லதாப் போச்சு. பத்து நாள் கழிச்சுச் சபைக் கமிட்டி கூடி, ஒருமனதாத் தீர்மானம் போட்டு, வாசல்ல புதுப் பலகை மாட்டினாங்க. தங்க எழுத்துல, பிரணதார்த்தி பாகவதர் பாணி வீணைப் பள்ளி. அதுக்குக் கீழ, எறும்பு மாதிரி, உதவி: அபரஞ்சி. உதவியாம்! ஊரே வந்து எங்கிட்ட, இப்ப சந்தோஷம்தானே குஞ்சிதம், பேரு வந்துடுச்சேன்னு கேட்டுச்சு. ஒரு வாரத்துல எல்லாருக்கும் அது பழகிடுச்சு, தெருவுல யாரும் நின்னுகூடப் படிக்கலை.

பட்டப்பகல்ல, பிள்ளைங்க கிளாசுக்குப் போற நேரத்துல, ஒரு முக்காலியையும் சம்புடத்தையும் எடுத்துட்டுப் போனேன். சாம்பலைத் தண்ணி விட்டுக் குழைச்சு, பலகையில மேல் வரியை ஒரு எழுத்து விடாம பூசி மெழுகினேன். தூரிகை எடுத்துட்டுப் போகலை, கட்டைவிரலாலதான் பூசினேன். அடுத்த வாரம் தங்கம் பூசினாங்க, நான் மறுபடி முக்காலியைத் தூக்கிட்டுப் போனேன். போலீஸ்ல சொல்வேன்னாரு ஸ்ரீவத்ஸன், சொல்லுங்கன்னேன். இப்ப பதினாலு மாசம் ஆச்சு, அவங்க தங்கம் பூசுறாங்க, நான் சாம்பல் பூசுறேன், இருளப்பன் முக்காலியைப் பிடிச்சுக்கிறான், கிளாசுக்குப் போற பிள்ளைங்க நின்னு என் கட்டைவிரலைப் பாத்துட்டு உள்ள போறாங்க.

அவங்களுக்குத் தங்கம் ரெண்டு தடவை தீர்ந்துபோச்சு. என் சம்புடத்துல சாம்பல் ஒரு சிட்டிகைகூடக் குறையலை.